வீட்டுக் கணினியில் டிரம்ஸ் ஒலிப்பதிவு: கேள்வி பதில்

டிரம்ஸ் வாசிப்பை வீட்டிலேயே பதிவுசெய்து கணினியில் மிக்ஸிங் செய்வது பற்றிக் கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்த மைக் வாங்கலாம் என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனிப் பதில் இல்லை. மைக்கின் விலையைவிட அது நிற்கும் இடம்தான் டிரம்ஸின் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (செந்தூல்): என்னிடம் இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) இருக்கிறது. இதை வைத்து முழு டிரம்ஸையும் பதிவுசெய்ய முடியுமா? இதே போல இன்னொன்று வாங்கி இணைத்துக்கொள்ளலாமா?

முடியும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒரு மைக்கும், வாசிப்பவரின் தலைக்குச் சற்று மேலே, ஸ்நேருக்கும் (அடித்தோலில் கம்பிகள் பூட்டிய சிறு டிரம்) கிக்குக்கும் நடுவே ஒரு கண்டென்சர் மைக்கும் போதும். ஒலி மோனோவாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு மைக்குகளை ஏனோதானோவென்று நிறுத்திப் பதிவுசெய்ததைவிடப் பல நேரங்களில் இதுவே நன்றாக இருக்கும்.

இரண்டாவது கருவியை வாங்கிச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் தன் உள்கடிகாரத்தின்படி ஒலியை அளக்கிறது. இரண்டு கடிகாரங்களும் மிகச் சிறிதளவு வேறுபடுவதால், பாட்டு நீள நீளத் தடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விண்டோஸில் ஏஸியோ (ஒலியை அதிகத் தாமதமின்றிக் கடத்தும் இயக்கி முறை) வழியாகப் பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். அந்தப் பணத்தைச் சேமித்து, நான்கு அல்லது எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஒரே கருவியாக வாங்குவது நல்லது.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): நான்கு மைக் வைத்துப் பதிவுசெய்தேன். ஸ்நேர் தடத்தைத் தனியாகக் கேட்டால் கனமாக இருக்கிறது. ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே நிற்கும் மைக்) தடங்களைச் சேர்த்தவுடன் ஸ்நேர் மெலிந்து தகரச் சத்தம் போல ஆகிவிடுகிறது. ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) எவ்வளவு ஏற்றியும் சரியாகவில்லை. காரணம் என்ன?

இது ஃபேஸ் சிக்கல். ஈக்யூவால் இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்நேரின் அருகில் உள்ள மைக் தோலிலிருந்து 5 செ.மீ. தொலைவிலும், ஓவர்ஹெட் ஒரு மீட்டர் தொலைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. ஆகவே ஒரே அடியின் ஒலி ஓவர்ஹெட்டை ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் எட்டும்; 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்தால் அது சுமார் 130 சாம்பிள் (கணினி ஒலியை அளக்கும் புள்ளி). ஒரு தடத்தில் அலை மேலே ஏறும் நேரத்தில் மற்றதில் கீழே இறங்கினால், இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்நேரின் உடல் இருக்கும் 200 ஹெர்ட்ஸ் பகுதி அழிந்தால், உங்கள் காதில் மிஞ்சுவது அந்தத் தகரச் சத்தம்தான்.

முதலில் ஸ்நேர் தடத்தின் போலாரிட்டி (அலையைத் தலைகீழாகத் திருப்பும்) பொத்தானை அழுத்திக் கேளுங்கள். எந்த நிலையில் ஸ்நேர் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை. இதில் கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும். ஸ்நேருக்கு அடியிலும் மைக் வைத்திருந்தால் அதன் போலாரிட்டியை அநேகமாக எப்போதும் திருப்ப வேண்டியிருக்கும். ஏனென்றால், குச்சி விழும்போது மேல்தோல் மேல் மைக்கை விட்டு விலகிப் போகிறது, கீழ்த்தோலோ கீழ் மைக்கை நோக்கி வருகிறது.

அடுத்த முறை பதிவுசெய்யும்போது ஒரு நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். மறுமுனையை முதல் ஓவர்ஹெட் மைக்கின் முகப்புவரை நீட்டி, அந்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் முகப்பைத் தொடும்படி அதன் ஸ்டாண்டை நகர்த்துங்கள். இப்போது ஸ்நேரின் ஒலி இரண்டு மைக்குகளையும் ஒரே கணத்தில் எட்டும். ஸ்டீரியோவில் கேட்கும்போது ஸ்நேர் நடுவில் அசையாமல் நிற்கும். லெட் செப்பலின் முதல் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த கிளின் ஜான்ஸ் பெயரால் அழைக்கப்படும் முறையின் அடிப்படையும் இந்தச் சம தூரம்தான். அதில் ஒரு மைக் ஸ்நேருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலும், மற்றது ஃப்ளோர் டாமுக்குப் (தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்) பக்கத்தில், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹேட்டைப் (காலால் இயக்கும் இரட்டைச் சிம்பல்) பார்த்தபடியும் இருக்கும். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று எனச் சேர்த்தால் மொத்தம் நான்கே மைக்குகள். உங்களிடம் ஏற்கெனவே நான்கு இருப்பதால் இதை முயன்று பாருங்கள்.

பதிவாகிவிட்ட தடங்களைக் கணினியில் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தலாமா என்று இன்னோர் அன்பரும் கேட்டிருந்தார். செய்யலாம். ஆனால் ஸ்நேருக்குப் பொருத்தினால் டாமுக்கு விலகும். தாமதம் முழுவதும் நீங்கினால் அறையின் ஆழமும் கொஞ்சம் குறையும். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

கேள்வி (செராஸ்): எங்கள் டெரஸ் வீட்டின் முன்னறையில் டிரம்ஸ் வைத்திருக்கிறேன். ஓட்டுத் தரை, சிமெண்டுச் சுவர். சிம்பலை அடித்தால் அறை முழுக்கக் கூசுகிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டை உச்ச ஒலியைச் சிறிதளவு குறைக்கும். மற்றபடி பயனில்லை, எளிதில் தீப்பிடிக்கவும் கூடும். உங்கள் அறையில் நடப்பது இதுதான்: எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி மாறி மாறி மோதுகிறது. அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால் படபடவென்று ஒரு நடுக்கம் கேட்கும். டிரம்ஸுக்கு அடியில் தடித்த கம்பளம், ஒரு சுவரில் சாய்த்து நிறுத்திய பழைய மெத்தை, எதிர்ச்சுவரில் புத்தகம் அடுக்கிய அலமாரி ஆகியவற்றை வைத்தாலே அது பெருமளவு அடங்கும்.

பலரும் மறப்பது மேற்கூரையை. தாழ்வான சீலிங்கில் பட்டுத் திரும்பும் சிம்பல் ஒலி உடனடியாக ஓவர்ஹெட் மைக்குக்குள் வந்துவிடும். ஓவர்ஹெட்டுக்கு நேர் மேலே, நான்கு விரல் தடிமனுள்ள பாறைக்கம்பளிப் (ராக்வூல்) பலகையைத் துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். அறையை முற்றிலும் அமைதியாக்கிவிடவும் கூடாது. கொஞ்சம் எதிரொலி இல்லாத டிரம்ஸ் உயிரற்றுப் போகும்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் காற்று மைக்கில் விழும். ஏர்கானைப் பதிவுக்கு முன்பே ஓடவிட்டு அறையைக் குளிர்வித்து, தோல்களின் சுருதியை அந்தக் குளிரிலேயே சரிசெய்து, வாசிக்கும் நேரத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். சுவரில் ஃபோம் ஒட்டினால் அண்டை வீட்டாருக்குச் சத்தம் போகாதா?

போகும். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தம் வெளியே போகாமல் தடுக்கக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். கிக் டிரம்மின் அதிர்வோ தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவுக்கு உங்கள் மடிக்கணினியையும் இன்டர்ஃபேஸையும் எடுத்துப்போய் அங்கே பதிவுசெய்யுங்கள். மிக்ஸிங்கை வீட்டில் ஹெட்ஃபோனில் செய்துகொள்ளலாம்.

தனி வீடு உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: பாங்கு ஒலிக்கும் வேளையில் வாசிப்பை நிறுத்துவது அண்டையாருக்குக் காட்டும் மரியாதை; உங்கள் ஓவர்ஹெட் தடத்துக்கும் அது நல்லது. மாலை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தகரக் கூரையின் கீழ் அப்போது எதையும் பதிவுசெய்ய முடியாது. இடி மின்னல் தொடங்கினால் கருவிகளின் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): ஒலி அளவை எவ்வளவு வைக்க வேண்டும்? சோதனையின்போது சரியாக இருக்கும் அளவு, பாட்டின் நடுவில் சிவப்பைத் தொட்டுவிடுகிறது.

உச்ச அடிகள் மைனஸ் 10 டெசிபல் அருகே நிற்கும்படி கெயினைக் குறைத்து வையுங்கள். பாட்டின் வேகம் ஏறும்போது எந்த டிரம்மரும் சோதனையில் அடித்ததைவிடப் பலமாகத்தான் அடிப்பார். 24 பிட்டில் பதிவுசெய்தால் அளவு குறைவாக இருப்பதால் இரைச்சல் கூடிவிடுமோ என்ற கவலை தேவையில்லை. அளவு மீறிச் சிவப்பைத் தொட்டு வெட்டுப்பட்ட அலையையோ முழுமையாக மீட்க முடியாது. பஃபரை (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிளில் வைத்துக்கொள்ளலாம். கணினி திணறினால் அதை உயர்த்திவிட்டு, வாசிப்பவருக்கு இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாக ஒலியை அனுப்புங்கள். வேகம் பிசகாமல் வாசிக்க உதவும் கிளிக் ஒலி வெளியே கசியாத மூடிய ஹெட்ஃபோன் அவசியம்.

கேள்வி (சுபாங்): மிக்ஸிங்கில் எந்தத் தடத்திலிருந்து தொடங்குவது? ஸ்நேர் தடத்தில் ஹை-ஹேட் அதிகமாகக் கசிகிறது. கேட் (குறித்த அளவுக்குக் கீழான ஒலியை மூடிவிடும் கருவி) போட்டால் மெல்லிய அடிகள் காணாமல் போகின்றன.

ஓவர்ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். அதுதான் முழு டிரம்ஸின் படம். அது மட்டும் ஒலிக்கும்போதே வாசிப்பு பெரும்பாலும் புரிய வேண்டும். பிறகு கிக்கை ஏற்றி, அதற்குக் கீழ்ப்பகுதியின் கனம் வந்ததும் ஸ்நேரைச் சேருங்கள். கிக்கில் 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் பெட்டிச் சத்தத்தைக் குறைத்தாலே 60 ஹெர்ட்ஸும் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் உள்ள தட்டும் தெளிவாகிவிடும். ஸ்நேரில் கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) போடும்போது அட்டாக்கை (அது செயல்படத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். அதைவிட வேகமாக வைத்தால் குச்சியின் முதல் அடி நசுங்கிவிடும்.

ஹை-ஹேட் கசிவை மைக் வைக்கும்போதே தீர்க்க வேண்டும். கார்டியாய்டு மைக்கின் பின்புறம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே பின்புறம் ஹை-ஹேட்டை நோக்கும்படி மைக்கைத் திருப்புங்கள். இப்போது பதிவாகிவிட்ட தடத்தில் கேட்டை முழுக்க மூடாமல், 6 முதல் 10 டெசிபல் மட்டும் இறங்கும்படி வைத்தால் மெல்லிய அடிகள் தப்பிக்கும். டாம் தடங்களுக்கு நான் கேட் போடுவதே இல்லை. டாம் அடித்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கையால் வெட்டிவிடுவேன். ஒரு பாட்டில் டாம் அப்படி எத்தனை முறை வந்துவிடப் போகிறது! கசிவைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டாம். ஹை-ஹேட்டை ஓங்கியும் ஸ்நேரை மெதுவாகவும் அடிப்பவரை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. அதை அவரிடமே பக்குவமாகச் சொல்லிவிடுவதுதான் வழி.

கேள்வி (கிள்ளான்): எங்கள் உறுமி மேளக் குழுவின் பாட்டுக்கு டிரம்ஸையும் சேர்க்கப் போகிறோம். இதே முறைகள் உறுமிக்கும் தவிலுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பதிவுசெய்ய வேண்டாம். தவிலின் வலந்தலை (வலப்பக்க முகம்) ஒலி எல்லா டிரம்ஸ் மைக்குகளுக்குள்ளும் புகுந்துவிடும். உறுமி மேளத்தின் நடையை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டபடி டிரம்மர் வாசிப்பதே சரியான வரிசை. கோயில் ஊர்வலங்களில் பழகிய குழு கிளிக்குக்கு வாசித்தால் நடை விறைத்துப் போகலாம். அப்போது கிளிக்கை விட்டுவிடுங்கள்.

உறுமியானாலும் தவிலானாலும் அதன் இரண்டு முகங்களுக்கும் ஒவ்வொரு மைக், ஒரு அடிக்குக் குறையாத தொலைவில் வையுங்கள். ஒரு முகத்தில் அடி விழும்போது மறுமுகம் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், ஸ்நேரின் கீழ் மைக்கைப் போலவே இங்கும் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல் மெல்லத் தொடங்கி மெல்ல ஏறுவது; கேட் போட்டால் அதன் தொடக்கத்தையே விழுங்கிவிடும். அந்த முனகலுக்கும் கிக் டிரம்முக்கும் கீழ்ப்பகுதியில் மோதல் வரும். என்னைக் கேட்டால், கிக்கின் கீழ்ப்பகுதியைக் குறைத்து உறுமிக்கு வழிவிடுவேன். உறுமி மேளப் பாட்டில் உறுமிதானே முன்னால் நிற்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): கண்டென்சர் மைக்கில் சில நாள்களில் மட்டும் படபடவென்று பொரியும் சத்தம் வருகிறது. வேறொரு நேரத்தில் தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.

பொரியும் சத்தத்துக்கு ஈரப்பதம் காரணமாக இருக்கலாம். கேமராவுக்கு விற்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மைக்கை வைத்துவிட்டு, ஓரிரு நாள் கழித்துச் சோதியுங்கள். அப்போதும் பொரிந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். 'ம்ம்ம்' இரைச்சலுக்கு மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது எர்த் தொடர்பான கோளாறு. எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையிலிருந்து இணையுங்கள். எர்த் முனையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள்; வீட்டு மின்சாரம் விளையாட்டுப் பொருளன்று.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): நான் பதிவு மட்டும் செய்கிறேன், மிக்ஸிங் வேறொருவர் செய்வார். கோப்புகளை எப்படி அனுப்புவது?

எல்லாத் தடங்களையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து அனுப்புங்கள். ஈக்யூ, கம்ப்ரஷன், ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதுவும் வேண்டாம். கோப்பின் பெயரில் 'கிக் உள்', 'ஸ்நேர் மேல்', 'ஓவர்ஹெட் இடது' என்று தெளிவாக எழுதி, அந்த இடப்பக்கம் வாசிப்பவரின் இடப்பக்கமா, எதிரே அமர்ந்து கேட்பவரின் இடப்பக்கமா என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.