மகனைக் குருவாக்க நேர்ந்துகொண்டேன், மீறினால் சாபமா?

கேள்வி: டெங்கு முற்றி என் மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, "இவன் பிழைத்தால் குருவாக அனுப்புகிறேன், ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன்" என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். இப்போது பிளஸ் டூ முடித்தவன் பொறியியல்தான் படிப்பேன் என்கிறான். எனக்கோ முழங்கால் வலி. வீடுதேடி வந்த ஜெப ஊழியர் ஒருவர், வாக்கை மீறினால் சாபம், அதை நீக்க 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்.

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்துங்கள்.

நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1193). குருத்துவத்துக்கு எவரையும் எவ்வகையிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது எண் 1026. நீங்கள் வாய்விட்டதற்கு மகன் கடனாளி அல்ல. அன்னா தன் மகன் சாமுவேலைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த பைபிள் கதையை ஊழியர் எடுப்பார். அவசரத்தில் நேர்ந்து சொந்த மகளையே இழந்த இப்தாவின் கதையை (நீதித் தலைவர்கள் 11) எடுக்கமாட்டார். அதில் வசூலுக்கு வழியில்லை.

நடை வேறு விஷயம். அது உங்கள் வாக்கு, பதற்றத்தில் சொன்னேன் என்று உதற முடியாது. ஆனால் மாற்றலாம். சமமான அல்லது மேலான நற்செயலாக என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் (எண் 1197). பஸ்ஸில் போகிறீர்கள், தனியே போக முடியாத நோயாளி ஒருவரையும் செலவு செய்து அழைத்துப் போகிறீர்கள். இது நடைக்குச் சமமா? என்னைக் கேட்டால் ஒருபடி மேல். வெறுமனே பஸ்ஸில் போய்வருவது குறைவானதுதான். அப்படிக் குறைக்கவோ முழுவதும் விலக்கவோ உங்கள் கோவிலின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையிடம் போகவேண்டும். தக்க காரணம் இருந்தால் அவருக்கே அதிகாரம் உண்டு, ஆயர் (பிஷப்) இல்லம்வரை அலையவேண்டாம். ஊழியருக்கு அந்த அதிகாரம் துளியும் கிடையாது.

இதை எந்தப் பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? பல பங்கு அலுவலகங்களில் சான்றிதழையும் சந்தாவையும் தாண்டிப் பேச நேரமில்லை. "அதெல்லாம் ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த அலட்சியம்தான் இப்படிப்பட்ட ஊழியர்களுக்குச் சோறு போடுகிறது.

இனி நேர்ந்தால், உங்களால் ஆகக்கூடியதை மட்டும், எத்தனை முறை என்ற கணக்கோடு சொல்லுங்கள். 'ஆண்டுதோறும்' என்றால் அதில் எழுபது வயது முழங்காலும் அடக்கம். நேராமல் இருப்பதே, நேர்ந்து செலுத்தாமல் இருப்பதைவிட மேல் என்று பைபிளின் சபை உரையாளர் நூலும் (அதிகாரம் 5) சொல்கிறது.

பங்குத்தந்தையை ஞாயிறு பூசைக் கூட்டத்தில் பிடிக்காதீர்கள். வார நாளில் போய், "இந்த நேர்ச்சையை மாற்றிக் கொடுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். மகனை அழைத்துப் போகவேண்டாம், அவன் கலந்தாய்வுக்குப் போகட்டும்.