ஆன்லைன் விளையாட்டுக்கு வானியல் புதிர்களை எப்படி வடிவமைப்பது?

ஒரு ஆன்லைன் விளையாட்டுக்குப் புதிர் எழுதும் வேலையில் இருக்கிறேன். வானியல் என்றதும் பலர் "வியாழனின் மிகப் பெரிய நிலவு எது?" என்று கேட்டு, பெயரை டைப் செய்தால் கதவு திறக்கும்படி வைக்கிறார்கள். அது வெறும் க்விஸ், கூகுளில் தேடினால் முடிந்தது. வானியலின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் புதிராகத்தான் தொடங்கின. அந்தத் தரவையே ஆடுபவர் கையில் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அயோ. வியாழனின் இந்த நிலவு சுமார் 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை கோளின் நிழலில் மறைந்து வெளிவரும். முதல் கட்டத்தில் நாலைந்து கிரகண நேரங்களைக் கொடுத்து அடுத்ததைக் கணிக்கச் சொல்லுங்கள். கூட்டல் தெரிந்தால் போதும். இரண்டாம் கட்டத்தில் சில மாதம் தள்ளி வரும் கிரகணத்தைக் கேளுங்கள். இப்போது அதே கணக்கு சில நிமிடங்கள் தவறும். ஒரு கிரகணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சேரும் தாமதம் அதிகபட்சம் 15 நொடிதான். அதனால் முதல் கட்டத்தில் யார் கண்ணிலும் படாது. அட்டவணையில் நொடிகளைக் காட்டாதீர்கள், மர்மம் சீக்கிரமே உடைந்துவிடும்.

உதவிக்குறிப்பாக, அந்தந்தத் தேதியில் பூமியும் வியாழனும் எங்கே இருந்தன என்று ஒரு சின்னப் படம் போதும். பூமி விலக விலகத் தாமதம் கூடுவதைப் பார்த்தால், ஒளி வந்து சேரவும் நேரம் பிடிக்கிறது என்பது ஆடுபவருக்கே பிடிபடும். 1676இல் பாரிஸில் ஓலே ரோமர் என்ற டென்மார்க் வானியலாளர் கண்டது இதைத்தான். ஒரு பெரிய அறிவியல் கண்டுபிடிப்பை இன்னொருவர் தானாகவே செய்து பார்க்க வழிவிடுகிறோமே, இந்த வேலையில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது ரோமரின் கணக்கு. சரியான அளவு சுமார் 16 நிமிடம் 40 நொடி. ஆகவே விடையில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எழுத்துப் புதிரில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 1610இல் கலிலியோ சனியைப் பற்றிய தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அனுப்பினார். வானியலாளர் கெப்ளர் அதைச் செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று படித்துவிட்டார்! (செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள் உண்டு என்று தெரிந்தது 1877இல்.) இப்படி இரண்டாவது விடைக்கும் இடம் இருந்தால், அந்தப் புதிரைத் திருத்தாமல் வெளியிட வேண்டாம்.

1930இல் புளூட்டோ சிக்கியதுபோல, இரண்டு வான் படங்களை மாற்றி மாற்றிக் காட்டி நகர்ந்த புள்ளியைத் தேட வைப்பதும் நல்ல யோசனை. ஆனால் மொபைல் திரைக்குப் புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.

அப்புறம், ஆடுபவர்கள் உலகம் முழுவதும் இருப்பார்கள். சென்னையில் நிமிர்ந்து நிற்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் சிட்னியில் தலைகீழாகத் தெரியும். "மேலே", "இடப்பக்கம்" என்று எழுதாமல் நட்சத்திரங்களின் பெயரால் வழி சொல்லுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே கொடுங்கள். வெளியிடும் முன், எந்த ஊரின் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளில் இரண்டு ஊர்களையும் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள், அது இலவசம்தான்.