பேஸ் மந்தமாகக் கேட்பது டி.ஐ. பொக்ஸினாலா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கும் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் எனக்கு. பற்றறி இல்லாத நாலு தந்தி ஜாஸ் பேஸ். ஒத்திகையில் நேரே அம்ப்பில் செருகினால் துலக்கமாகக் கேட்கிறது. மண்டபத்தில் சவுண்ட்காரர், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் தன்னுடைய டி.ஐ. பொக்ஸைப் போட்டதும் ஸ்லாப் அடியெல்லாம் (பெருவிரலால் தந்தியைத் தட்டுவது) 'பொத்' என்று விழுகிறது. மின்சாரத்தில் ஓடும் நல்ல அக்டிவ் பொக்ஸ் ஒன்று வாங்கிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அடுத்த சவுண்ட் செக்கில் ஒன்று செய்து பாருங்கள். வழக்கம்போல கிட்டார் பொக்ஸுக்குள் போய், அதன் 'த்ரூ' வாசல் வழியாக மேடை அம்ப்புக்கு வரட்டும். நாலு வரி வாசியுங்கள். பிறகு பொக்ஸைக் கழற்றி, கிட்டாரை நேரே அம்ப்பில் செருகி அதே நாலு வரியை வாசியுங்கள். மிக்ஸரை மறந்துவிடுங்கள், அம்ப்பை மட்டும் கேளுங்கள். இப்போது அம்ப் துலங்கினால் கோளாறு பொக்ஸில்தான்.

பொக்ஸ் மிக்ஸருக்குத்தானே சிக்னல் அனுப்புகிறது, அம்ப்பை எப்படிக் கெடுக்கும் என்று தோன்றும். 'த்ரூ' என்பது வெறும் சமாந்தர இணைப்பு. ஒரே குழாயில் இரண்டு பேர் வாளி வைத்த மாதிரி, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் உங்கள் பிக்கப் இரண்டு பேருக்கும் சேர்த்து ஊற்ற வேண்டும். பற்றறி இல்லாத பேஸின் பிக்கப் வெறும் செப்புக் கம்பிச் சுருள். மேல் ஒலிகளுக்குப் போகப் போக அதன் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் தடை, ஏறிக்கொண்டே போகும். எதிரே இருக்கும் இன்புட்டின் இம்பீடன்ஸ் குறைவாக இருந்தால் முதலில் அடிபடுவது அந்த மேல் ஒலிகள், அதாவது உங்கள் ஸ்லாப்பின் முனை. அம்ப் இன்புட் பொதுவாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். டிரான்ஸ்போமர் மட்டும் உள்ள பாசிவ் பொக்ஸ்களில் பேர் பெற்ற ரேடியல் ஜே.டி.ஐ.யே 140 கிலோ ஓம்தான். மலிவானவை அதற்கும் கீழே இறங்கும். கிட்டாரில் வொலியூமைக் குறைத்து வைத்து வாசிப்பவரானால் இழப்பு இன்னும் கூடும். அதை முழுதாகத் திறந்துவிட்டு, சத்தம் கூடினால் மிக்ஸரில் குறைக்கச் சொல்லுங்கள்.

பற்றறி உள்ள பேஸ்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. உள்ளே இருக்கும் பிரீஅம்ப் பாரத்தைச் சுமந்துகொள்ளும். பாசிவ் பொக்ஸே போதும்.

கடைக்குப் போகுமுன் உங்கள் பெடல் பையைத் திறந்து பாருங்கள். பொஸ் டி.யூ.-3 மாதிரி பஃபர் (பிக்கப்புக்குப் பதில் பாரத்தைச் சுமக்கும் சிறு சுற்று) உள்ள டியூனர் இருந்தால் அதைக் கிட்டாருக்கும் பொக்ஸுக்கும் நடுவில் போடுங்கள். அதன் உள்வாசல் 1 மெகா ஓம், வெளிவாசல் வெறும் 1 கிலோ ஓம். சவுண்ட்காரரின் அதே பாசிவ் பொக்ஸ் திடீரென்று நல்ல பொக்ஸாகிவிடும். அணைத்ததும் சிக்னலை அப்படியே கடத்திவிடும் ட்ரூ பைபாஸ் டியூனரில் இந்த நன்மை இல்லை.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் அக்டிவ் பொக்ஸ் வாங்குவது சரி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பேரில்லாத பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தாலும், இன்புட் இம்பீடன்ஸ் எங்கேயும் போடாததை எடுக்காதீர்கள். 1 மெகா ஓமாவது வேண்டும். அது மிக்ஸர் கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ற் பான்டம் மின்சாரத்திலோ பற்றறியிலோ ஓடும். பான்டத்தைப் போடுமுன் சனலை மியூட் பண்ணச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'டொம்' என்ற சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள்.

சோதனையில் அம்ப் சத்தம் மாறவே இல்லையா? அப்போது புதுப் பொக்ஸ் காசுக்குக் கேடு. கிட்டாரிலிருந்து நேரே எடுக்கும் டி.ஐ.யில் உங்கள் அம்ப்பின் டோன் குமிழ்களும் இல்லை, ஸ்பீக்கர் பெட்டியின் குணமும் இல்லை. நீங்கள் அங்கே திருகியதெல்லாம் மேடையோடு சரி. அம்ப்பின் பின்புறம் டி.ஐ. அவுட் இருந்தால் அதை 'போஸ்ட்'டில் (டோன் குமிழ்களுக்குப் பிறகு சிக்னல் எடுப்பது) வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பாட்டு நடுவே குமிழைத் தொட்டால் மண்டபம் முழுக்க மாறும், அதை மட்டும் மனதில் வையுங்கள். மிக்ஸரில் பேஸ் சனலின், தாழ் ஒலிகளை வெட்டும் லோ கட் பொத்தானையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முந்தின குழு மைக்குக்குப் போட்டது அப்படியே கிடக்கும். உங்கள் ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ், அந்தப் பொத்தான் பல மிக்ஸர்களில் 75, 80, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே என்று வெட்டும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். அலங்கார விளக்குகளும் சவுண்டும் ஒரே ஜெனரேற்றரில் ஓடும்போது இரைச்சல் வந்தால் பொக்ஸின் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டுங்கள். மிக்ஸருக்கும் அம்ப்புக்கும் இடையில் கேபிள் வழியாக உண்டான எர்த் வளையத்தை அது வெட்டும். சிலர் அம்ப் பிளக்கின் எர்த் கம்பியையே கழற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. அம்ப்புக்குள் பழுது வந்தால் 230 வோல்ற் தந்திகளுக்கு வரும். லிஃப்டிலும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் அம்ப்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.