பீக் வந்துச்சு சரி, எவ்ளோ?

அன்புள்ள அக்கா,
நான் பயோடெக் மூணாவது வருஷம். ஐஜெம்ங்கற உலக அளவு ஸ்டூடன்ட்ஸ் பயோடெக் போட்டிக்காக எங்க டீம் ஈகோலைங்கற பாக்டீரியாவுக்குள்ள டீசல் செய்யற ரெண்டு ஜீனை போட்டுருக்கோம். ஜிசில (கலவைய பிரிச்சு எது எவ்ளோ இருக்குன்னு கிராஃப் போடற மிஷின்) டீசலுக்கான இடத்துல குட்டியா ஒரு பீக், அதாவது மேடு, வந்துச்சு, கணக்கு பாத்தா லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான். போஸ்டர்ல நம்பர் வேணாம், 'டீசல் உற்பத்தி வெற்றி'ன்னு மட்டும் போடலாம்னு டீம்ல சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். இதை நம்பி பிஹெச்டி போகலாமா, எந்த நாடு நல்லது?
ம.

அன்புள்ள ம.,

எந்த நாடுங்கறது உனக்கு அமையற கைடை பொறுத்தது, அப்புறம் பாக்கலாம். 'நானும் சரின்னுட்டேன்'ங்கற வரிய தாண்டி என்னால படிக்கவே முடியல. ஏம்மா சரின்ன?

நீங்க பண்ணது சின்ன வேலை இல்ல. நீலப்பச்சை பாசியோட ரெண்டு ஜீனை கொண்டுவந்து, கொழுப்பு அமிலம் செய்யற பாதையில மாட்டி, மொத என்சைம் அதை ஆல்டிஹைடா மாத்த, அடுத்தது ஒரு கார்பனை நறுக்கிவிட, பென்டாடெக்கேன்னு 15 கார்பன் சங்கிலி, பங்க்ல போடற டீசல்லயே இருக்கற சரக்கு, ஒரு பாக்டீரியாவுக்குள்ள இருந்து வருது. அந்த பீக்கை பாத்த அன்னிக்கு நீங்க யாரும் தூங்கிருக்க மாட்டீங்க. 2011ல சியாட்டில் பசங்க, வாஷிங்டன் யுனிவர்சிட்டி டீம், இதே வழியிலதான் டீசல் செஞ்சு (குளூட்டனை உடைக்கற என்சைம் ஒண்ணும் கூட வெச்சிருந்தாங்க) ஐஜெம்ல முதல் பரிசே வாங்கினாங்க.

ஆனா நம்பர். 2010ல இந்த வழிய சயின்ஸ் பத்திரிகைல சொன்ன எல்எஸ்9 கம்பெனிக்காரங்க லிட்டருக்கு 300 மில்லிகிராம் போல வந்துச்சுன்னு எழுதினாங்க. எழுதினதாலதான் நான் இங்க உக்காந்து கணக்கு போட முடியுது. ஒரு லிட்டர் பென்டாடெக்கேன் சுமார் 770 கிராம், அப்ப அதுக்கு 2,500 லிட்டருக்கு மேல கல்ச்சர், பாக்டீரியா வளக்கற தண்ணி, வேணும், மொட்டமாடி ஆயிரம் லிட்டர் டேங்க் ரெண்டரை. உங்க கணக்குல 3,85,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரின்னா 32 லாரி. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? அந்த ரெண்டாவது என்சைம் படு மந்தம், அதை யார் எவ்ளோ வேகப்படுத்தினாங்கன்னு அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு தெரியணும்னா உன் 2 வேணும். அதோட பேரே மொதல்ல தப்பு, கார்பன் மோனாக்சைடை வெளிய விடுதுன்னு நெனச்சு பேர் வெச்சிருந்தாங்க, அளந்து பாத்தா வந்தது ஃபார்மேட்ங்கற வேற பொருள். அளந்ததை மறைக்காம எழுதினாங்க, பேரும் மாறுச்சு.

எங்க அப்பா 2006ல ரெண்டு ஏக்கர் கடலைக்கொல்லையில காட்டாமணக்கு போட்டார். 2003ல மத்திய திட்டக்குழுவோட கமிட்டியே பயோடீசலுக்கு அந்த செடியதான் முன்னால வெச்சதுல ஊர் ஊரா அதே பேச்சு. தண்ணி வேணாம், ஆடு கடிக்காது, தரிசுலயும் காய்க்கும்னு நாத்து குடுத்தவங்க சொன்னாங்க, அப்பா நம்பினார். மூணு வருஷத்துல அஞ்சு சாக்கு காய், வாங்கிக்கறோம்னவங்க வரவே இல்ல, திண்ணையில அந்த சாக்கு மக்கற வரைக்கும் அப்பா அதை எடுக்க விடல. நஷ்டத்தை கூட மறந்துட்டேன்மா. அவங்க குடுத்த நோட்டீஸ்ல 'அமோக விளைச்சல்'னு போட்டிருந்துச்சு, அதை மறக்க முடியல. அமோகம்னா மானாவாரியில ஏக்கருக்கு எத்தனை கிலோ? எங்கயோ யாரோ போட்டு பாத்து அளந்திருப்பாங்க இல்லயா, அந்த நம்பர் ஏன் எங்க வீட்டுக்கு வரல? அப்பாவுக்கு கேக்க தெரியல. அந்த நோட்டீஸை எழுதினவங்களும் உன்ன மாதிரி படிச்ச பிள்ளைங்கதான், அவங்கள்லயும் யாரோ ஒருத்தி சரின்னுருப்பா.

அதனால போஸ்டர்ல தலைப்புக்கு கீழயே 2 மில்லிகிராம்னு போடு. எத்தனை தடவை செஞ்சீங்க, ஜீன் போடாத கன்ட்ரோல்ல என்ன வந்துச்சு, ரெண்டையும் போடு. கன்ட்ரோல்லயும் அதே பீக் இருந்தா அதையும் போடணும், அழுகை வந்தாலும். டீம்ல யாராவது சண்டைக்கு வந்தா இந்த லெட்டரை காட்டு.

போஸ்டரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பிஹெச்டி பத்தி அப்ப பேசுவோம்.