தோற்ற அணியிலிருந்து ஒரு சிறந்த வீரர்

கேள்வி: தொடர்ந்து தோற்ற ஓர் அணியில் ஆடியவருக்கே அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது கிடைத்ததாகவும், அது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நடந்ததாகவும் நண்பர் சொல்கிறார். உண்மையா? உண்மையென்றால், அது நியாயமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். 1956ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 10 ஆட்டங்களில் 8இல் தோற்றது. ஆயினும் அதன் வீரர் பால் ஹார்னங்குக்கே ஹைஸ்மன் விருது கிடைத்தது. தோல்விகள் மிகுந்த அணியிலிருந்து அவ்விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. (இது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம், நாம் ஆடும் கால்பந்து அன்று.)

1933க்குப் பிறகு அதுவரை, வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஓர் ஆண்டை அந்த அணி கண்டதே இல்லை. அப்படிப்பட்ட அணி ஓக்லஹோமாவிடம் 40-0 என்றும், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 47-14 என்றும், அயோவாவிடம் 48-8 என்றும் வீழ்ந்தது. எடுத்த புள்ளிகள் 130, கொடுத்தவை 289. இந்தச் சரிவுக்கிடையே பந்தை எறிந்தவர், ஏந்தி ஓடியவர், உதைத்தவர், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடியவர் எல்லாம் ஹார்னங்தான். எதிரணியினரைத் தடுத்து வீழ்த்துவதிலும் அவர் முன்னணியில் நின்றார். அதே சமயம், அவர் எறிந்த பந்துகளில் புள்ளியாக முடிந்தவை 3 என்றால், எதிரணியின் கையில் சிக்கியவை 13 என்பதையும் மறைக்கக் கூடாது.

நியாயமா என்ற கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. ஹார்னங்கின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. வாக்களிப்போர் மூன்று வீரர்களை வரிசைப்படுத்துவார்கள்; இடத்துக்கேற்பப் புள்ளிகள் கிடைக்கும். முதலிட வாக்குகளில் ஓக்லஹோமாவின் டாமி மெக்டானல்டு 205 பெற்றிருக்க, ஹார்னங் பெற்றவை 197. ஆனால் ஓக்லஹோமாவை ஆதரித்தவர்களின் வாக்குகள் மெக்டானல்டுக்கும் அதே அணியின் ஜெர்ரி டப்ஸுக்குமாகப் பிரிந்துபோனதால், மொத்தப் புள்ளிகளில் ஹார்னங் முந்தினார். நோட்டர் டேம் என்ற பெயரின் செல்வாக்கும் அவருக்குத் துணை நின்றது என்றே கருதுகிறேன். என்னை உறுத்துவது வேறொன்று. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரவுன் 8 ஆட்டங்களில் 986 கெஜம் ஓடி, கோல்கேட் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 43 புள்ளிகள் எடுத்தும், ஐந்தாம் இடத்தில் நிறுத்தப்பட்டார். அதுவரை கறுப்பின வீரர் எவருக்கும் அவ்விருது கொடுக்கப்பட்டதில்லை. அந்தக் கதவு 1961இல், அதே சிரக்யூஸின் எர்னி டேவிஸுக்குத்தான் திறந்தது.

கேள்வி: அந்தத் தோல்விகளுக்குப் பின் பயிற்சியாளர் என்ன ஆனார்?
– அதே வாசகர்

பதில்: 25 வயதில் பொறுப்பேற்று முதலிரு ஆண்டுகளில் 17 ஆட்டங்களை வென்று தந்த டெர்ரி பிரெனனை, அந்த ஓர் ஆண்டுக்காக நீக்கவில்லை. 1957 நவம்பரில், தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றிருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மண்ணிலேயே அவருடைய அணி 7-0 என வீழ்த்தியது. ஆயினும் 1958 டிசம்பரில், 6 வெற்றி 4 தோல்வி என்ற கணக்கோடு அவரை அனுப்பிவிட்டார்கள்.