கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும்: மர்மம், சஸ்பென்ஸ், திகில் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மர்மமும் சஸ்பென்ஸும் ஒன்றுதானே சார்?

இல்லை. த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம்தான் எனக்குத் தெரிந்து இதில் தெளிவானது. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. நமக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதை முன்பே நமக்குக் காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு முழுக்க நாம் தவித்துக்கொண்டிருப்போம். பாத்திரத்தைவிட நமக்கு அதிகம் தெரிந்தால் சஸ்பென்ஸ். நமக்குத் தெரியாததை யாரோ ஒளித்து வைத்திருந்தால் மர்மம்.

கேள்வி: அண்ணா, 'அந்த நாள்' எழுபது வருஷப் பழைய படம். முடிவும் எனக்குத் தெரியும். இப்போது பார்த்தால் பிடிக்குமா?

தாராளமாகப் பாருங்கள். முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் படம் இன்னும் நன்றாகத் திறக்கும் என்பது என் எண்ணம்.

1954-இல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! இரண்டாம் உலகப் போரில் சென்னைமேல் ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் அவரை நாம் பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் சொல்வதன் வழியாகத்தான். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்ல, துப்பறிபவராக வரும் ஜாவர் சீதாராமன் கேட்டுக்கொண்டே போகிறார். படத்தின் வசனமும் அவருடையதுதான்.

முதல் தடவை பார்க்கும்போது "யார் சுட்டது?" என்றே மனம் ஓடும். இரண்டாவது தடவை மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தை மட்டும் கவனியுங்கள். எங்கே தயங்குகிறார், எந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறார் என்று பாருங்கள். இதற்குமேல் சொன்னால் படம் பார்க்காதவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

கேள்வி: பாதியிலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிறேன். அப்புறம் சுவாரஸ்யமே இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் முக்கியம். "பிரபலமான நடிகர் சின்ன வேஷத்தில் வருகிறார், அப்போ இவர்தான்" என்று ஊகித்திருந்தால் அது படத்தின் பலவீனம். தடயங்களைக் கோத்துப் பிடித்திருந்தால், எழுதியவர் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார். அகதா கிறிஸ்டி எழுதி 1926-இல் வெளியான ரோஜர் அக்ராய்ட் கொலை பற்றிய துப்பறியும் நாவலின் முடிவு நியாயமா, ஏமாற்றா என்று பெரிய சண்டையே நடந்தது. என் கட்சி, நியாயம். முடித்துவிட்டுத் திரும்பப் படித்தால், மறைத்த இடங்களிலும் வாக்கியங்கள் பொய் சொல்லவில்லை என்பது தெரியும்.

கேள்வி: இப்போதைய பேய்ப் படங்களில் 'டமால்' என்று சத்தம் போட்டே பயமுறுத்துகிறார்களே?

அது உடம்பு திடுக்கிடுவது, பயம் வேறு. காட்டாமல் விடுவதிலேயே பயம் வரும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவை அதிகம் காட்டாமல் இசையையும் தண்ணீரையும் வைத்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. படத்துக்கு அதுவே பலமாகிவிட்டது.

கேள்வி: புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதை படித்தேன். கடைசியில் அந்த வேலைக்காரி காஞ்சனை பேயா, மனுஷியா? விளக்கமே இல்லையே!

விளக்கம் இல்லாததால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கதை சொல்பவனே ஓர் எழுத்தாளன், கற்பனை செய்து பிழைப்பவன். வேலைக்கு வந்த பெண்ணிடம் உண்மையிலேயே ஏதோ இருக்கிறதா, இவன் மூளைதான் கட்டிவிடுகிறதா என்று தீர்மானிக்க ஆசிரியர் நமக்கு இடம் கொடுப்பதே இல்லை. அவன் மனைவிக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எனக்கு அதுதான் கதையிலேயே அதிகம் பயம் தருகிறது.

கேள்வி: அம்மாவுக்குத் திகில் நாவல் ஒன்று வாங்கித் தரவேண்டும். எதை வாங்கலாம்?

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. அவருடைய பல கதைகளில் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் இதிலும் வருகிறார்கள். பேயா விஞ்ஞானமா என்ற இழுபறி நாவல் முழுக்க ஓடுகிறது. பின்னட்டையைக்கூடப் படிக்காமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.