சத்தமில்லாமல் தரையிறங்கப் பழகட்டும்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர். நான்கு மாதமாக வலது முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது. ஸ்பைக் அடித்து இறங்கும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் வலி கூடுகிறது. போன வருடம் அதே காலில் கணுக்கால் இரண்டு முறை பிரண்டது. “இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறது, உடல்நிலை, அசைவு பற்றிய உணர்வுப் பயிற்சி கொடுங்கள்” என்கிறார் கோச். நிமிர்ந்து நில் என்று சொல்லித்தர ஒரு வகுப்பா? பணம் கட்டிச் சேர்க்கலாமா?

பதில்: கோச் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தப் பயிற்சிக்கும் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நிற்பதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணை மூடிக்கொண்டே மூக்கு நுனியைத் தொட முடிகிறதல்லவா? தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றில் இருக்கும் உணர்விகள் கை எங்கே, கால் எங்கே என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அது முடிகிறது. பிரிட்டிஷ் நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல் இதற்குப் ப்ரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். இந்தத் தகவல் எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஆயிரம் தடவை உள்ளே மடிந்தே இறங்கிப் பழகிய முட்டி, அதுதான் நேர் என்று நம்பிவிடும். கணுக்கால் பிரண்டால், வீக்கம் வடிந்த பிறகும் அங்கிருந்து வரும் தகவல் மங்கலாகவே இருக்கலாம். அதனால் “முட்டியை நேராக வை” என்று நூறு முறை கத்தினாலும் பயன் குறைவு. அவளைப் பொறுத்தவரை அது நேராகத்தான் இருக்கிறது.

முதலில் அவள் தன்னைப் பார்க்க வேண்டும். செல்போனை மூன்று மீட்டர் தள்ளி, முட்டி உயரத்தில், முன்பக்கமாக வையுங்கள். ஒற்றைக் காலில் நின்று, நாற்காலியில் உட்காரும் ஆழத்தில் பாதி அளவுக்கு மெதுவாக ஐந்து முறை உட்கார்ந்து எழட்டும். அடுத்து, சுமார் 30 செ.மீ. உயரப் படியிலிருந்து இரண்டு காலிலும் இறங்கட்டும். வலி அனுமதிக்கும் அளவு போதும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா, உடம்பு அந்தக் காலின் பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். வீடியோ பார்ப்பதற்கு முன்பே “எப்படி இறங்கினாய்?” என்று அவளிடம் கேட்டுவிடுங்கள். அவள் சொல்வதற்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள இடைவெளி குறைவதுதான் இந்தப் பயிற்சியின் முன்னேற்றம்.

முதல் இரண்டு வாரம் வெறுங்காலில் தொடங்கலாம். குதிகால், கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி ஆகிய மூன்று இடத்திலும் எடையை உணர்ந்து, சுவரருகே ஒற்றைக் காலில் 30 விநாடி, காலுக்கு மூன்று முறை நிற்கட்டும். ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடி நிற்கலாம். அதோடு ஒரு குச்சியை முதுகில் நெடுக்காகப் பிடித்து, பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் அது பட்டபடியே இருக்க, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர வேண்டும். எட்டெட்டாக இரண்டு முறை போதும். இடுப்பு மடங்கத் தெரியாத பிள்ளைகள் இறங்கும்போது மொத்தச் சுமையையும் முட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

பிறகு இறங்கும் பயிற்சி. நின்ற இடத்தில் சிறிதாகக் குதித்து, தரையில் சத்தமே கேட்காதபடி இறங்கி, மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து தடவை, மூன்று சுற்று. இது சுத்தமாக வந்த பிறகு பக்கவாட்டில் குதிப்பது, திரும்பி இறங்குவது, கடைசியாகப் பந்தோடு. ஒற்றைக் கால் இறக்கம் வலி நன்றாகக் குறைந்த பிறகுதான்.

பலர் தவறுவது இந்தக் கட்டத்தில். ஆட்டத்தின் நடுவே “முட்டி, இடுப்பு, பாதம்” என்று உடம்பையே நினைத்துக்கொண்டிருந்தால் அசைவு விறைத்து, பந்தும் தவறும். உறுப்பை நினைப்பதைவிட, அசைவின் விளைவை நினைத்தால்தான் உடம்பு எளிதில் கற்கிறது. “முட்டியை வெளியே தள்ளு” என்பதற்குப் பதில் “சத்தம் வராமல் இறங்கு” என்று சொல்லுங்கள். மேட்ச் அன்று அதையும் சொல்ல வேண்டாம்.

களைத்த பிறகு கடைசியில் செய்வதும், மூச்சை அடக்குவதும், நான்கே வாரத்தில் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். பிராக்டிஸுக்கு முன் 15 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது பத்து வாரம் செய்யட்டும். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்களிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டம், பலம், சமநிலை, குதித்தல் சேர்ந்த 20 நிமிட வார்ம்-அப், கடுமையான காயங்களைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. அதில் பலமும் இருந்ததைக் கவனியுங்கள். தொடையும் பிட்டமும் வலுவில்லாமல் உணர்வு மட்டும் முட்டியைத் தாங்காது.

உங்கள் மகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. டச்சு வாலிபால் ஆட்டக்காரர்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், சமநிலைப் பலகைப் பயிற்சி (ஆடும் பலகை மேல் சாயாமல் நிற்பது), முன்பு கணுக்கால் பிரண்டவர்களுக்கு மறுபடி பிரள்வதைக் குறைத்தது. ஆனால் ஏற்கெனவே முட்டித் தொல்லை இருந்தவர்களுக்கு முட்டி வலி கூடியது. அவளுக்கு இரண்டும் இருக்கிறது. எனவே இப்போதைக்குப் பலகை வேண்டாம், தரையே போதும். ஆட்டத்தில் கணுக்காலுக்கு பிரேஸ் போடட்டும்.

வலி பெரும்பாலும் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில், அதிகக் குதிப்பால் வருவதாக இருக்கும். நேரில் ஒருமுறை பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். முழு ஓய்வு வேண்டாம், குதிப்பின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சுவரில் முதுகை வைத்து நாற்காலிபோல் 45 விநாடி, ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட இடைவெளி விட்டு உட்காரலாம். பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை, உடல்நிலை, அசைவு சொல்லித்தரும் அலெக்சாண்டர், ஃபெல்டன்கிரைஸ் முறைகள் உடம்பைக் கவனிக்க நன்றாகக் கற்றுத்தரும். ஆனால் விளையாட்டுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பணம் கட்டுவதானால், அவள் குதித்து இறங்குவதை நேரில் பார்த்துத் திருத்தும் ஸ்போர்ட்ஸ் பிசியோதெரபிஸ்ட்டிடம் கட்டுங்கள். “நேராக உட்கார்ந்தால் எல்லாம் சரியாகும்” என்கிற இடத்தில் வேண்டாம்.

முட்டியில் ‘டப்’ என்ற சத்தத்தோடு சில மணி நேரத்தில் வீங்கினாலோ, கால் நழுவிப் போனாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, நொண்டலோடு இடுப்பும் வலித்தாலோ மேலே சொன்ன எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.